அந்தப் படம் யாருக்காக?

வரும் தை மாதம் எனக்குத் திருமணம். சத்துவாச்சாரியிலேயே மண்டபம் பேசியாயிற்று. சமையலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. புரோகிதர் கிடையாது, உறுதிமொழி வாசித்து மாலை மாற்றிக்கொள்வது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. இழுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு விஷயம்தான். திருமணத்துக்கு முன்பு நான் தனியாகச் சில புகைப்படங்கள் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கடற்கரையில் கைகோத்து ஓடும் 'ப்ரீ வெட்டிங் ஷூட்' அல்ல. என் அறையில், என் கட்டிலில், எனக்குப் பிடித்த மாதிரி கொஞ்சமாக உடுத்திக்கொண்டு, நான் மட்டும் இருக்கும் படங்கள்.

ஆங்கிலத்தில் இதை 'பூட்வார்' என்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் இதற்கென்றே ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. மணப்பெண்ணைப் படுக்கையறையில், இரவு உடையிலோ ஒரு போர்வையை மட்டும் சுற்றிக்கொண்டோ படமெடுத்து, ஆல்பமாகப் போட்டு, முதலிரவில் மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் 'பேக்கேஜ்' இப்போது நெடுஞ்சாலை வழியாக வேலூருக்கும் வந்துவிட்டது.

இதையெல்லாம் எதற்குச் சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் எழுத வேண்டும்? நானும் முதலில் இதை என் சொந்த ஆசையாகத்தான் நினைத்தேன். நான்கு பேரிடம் சொன்னேன்: அம்மாவிடம், ஒரு தோழரிடம், ஒரு புகைப்படக்காரரிடம், நான் மணக்கப் போகிறவரிடம். ஒருவர்கூடச் சாதி என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆனால் நான்கு பதிலிலும் அது உட்கார்ந்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா சொன்னது

அம்மா இருபத்திரண்டு வருடமாக ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. சோறு போட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டவர், கரண்டியை வைத்துவிட்டார்.

"இன்னாத்துக்குடி இது? ஏற்கெனவே நம்ம பொம்பளைங்கள ஊரு இன்னா பேசுதுன்னு உனக்குத் தெரியாதா?"

ஸ்டுடியோ அனுப்பிய மாதிரிப் படங்களைக் காட்டினேன். அதில் 'கிராமத்து லுக்' என்று ஒன்று இருந்தது. ரவிக்கை இல்லாமல் பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பெண் மண்சுவரில் சாய்ந்திருக்கிறார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உங்க ஆயாவுக்கு ரவிக்கை வாங்கக் காசு இல்ல. நீ காசு குடுத்துட்டு ரவிக்கை இல்லாம நிக்கப் போறியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த 'லுக்'கை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நேற்றுவரை எங்கள் வறுமையாக இருந்ததை இன்று அலங்காரமாக விற்கிறார்கள். வாங்குவதற்கு எனக்கு மனமில்லை.

அம்மாவின் பயத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார், அண்ணல் அம்பேத்கரும் எடுத்துக்காட்டியிருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் இன்னும் பதினொரு தடைகளைச் சேர்த்தார்கள்.

அந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். முடியிலிருந்து செருப்புவரை ஒரு முழு உடம்பையே அளந்து போட்ட பட்டியல் அது. உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் இந்த வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, செருப்புக்குத் தடை என்ற வரியை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

அதற்கு எழுபது ஆண்டுகள் முன்னால் திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. அடியும் தீவைப்பும் தாங்கி நாடார் பெண்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று அரசர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது என்றும் சொன்னது. துணி கிடைத்தது, அதை எப்படிக் கட்டிக்கொள்வது என்ற முடிவு கிடைக்கவில்லை. 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் பேசிய அண்ணல், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடுத்தும் முறையையும் நகைகளையும் விட்டுவிட்டு, மற்றப் பெண்களைப் போலவே சேலை கட்டச் சொன்னார். முடிவெடுக்கும் உரிமையை அவர் அந்தப் பெண்களின் கையில் கொடுத்தார்.

"மூடிக்கிறதுக்காகத்தான நம்மாளுங்க அடி வாங்கினாங்க?" என்று அம்மா கேட்கிறார். ஆமாம். ஆனால் மறைக்கும்படி யாரும் அந்தப் பெண்களை வற்புறுத்தவில்லை. மறைக்கக் கூடாது என்றுதான் வற்புறுத்தினார்கள். அவர்கள் மறுத்தது அந்த வற்புறுத்தலை. இன்றைக்கு என்னை "மூடு" என்று ஊர் வற்புறுத்தினால், நான் மறுப்பதும் அதே வற்புறுத்தலைத்தான்.

அம்மா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "நல்லா பேசுற" என்று மட்டும் சொன்னார்.

தோழர் சொன்னது

அடுத்து, பல ஆண்டுகளாக இயக்கத்தில் இருக்கும் ஒரு தோழர். என்மீது அக்கறை உள்ளவர். அவர் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, இது கல்யாணச் சந்தை கண்டுபிடித்த இன்னொரு செலவு. இரண்டு, நம் பெண்களின் உடம்பை ஆதிக்கச் சாதி ஆண்கள் ஏற்கெனவே பொதுச்சொத்தாகப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வைக்கு நாமே தீனி போடக் கூடாது.

முதல் காரணத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்டுடியோ சொன்ன தொகை அம்மாவின் மூன்று மாதச் சம்பளத்தைத் தொட்டது. கல்யாணக் கடனை வாராவாரம் குழுவில் உட்கார்ந்து கட்டும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கடன் வாங்கி எடுக்கும் படத்தில் எந்த விடுதலையும் இல்லை. பேக்கேஜை விட்டுவிட்டேன்.

இரண்டாவது காரணத்தை ஏற்க முடியாது. ராஜஸ்தானில் பன்வாரி தேவி 1992இல் கணவரோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்குக் கிடைத்த தண்டனை அது. 1995இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. மேல்சாதி ஆண்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. நம் உடம்பு அவர்களுக்குக் கிடைக்கும் என்ற நினைப்பு நம் உடையிலிருந்து பிறப்பதில்லை, அவர்களுடைய அதிகாரத்திலிருந்து பிறக்கிறது. நாம் எவ்வளவு அடக்கமாக உடுத்தினாலும் அது குறையப் போவதில்லை.

நம் ஆண்களுக்கும் இதே கதைதான். 2012 இறுதியில், தர்மபுரியில் நத்தம் காலனி எரிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் என்ன பேசினார் என்று நினைவிருக்கும். ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். அப்போது நாம் என்ன செய்தோம்? ஜீன்ஸைக் கழற்றி வைக்கவில்லை. இன்னும் நல்ல ஜீன்ஸாகப் பார்த்து வாங்கினோம். கூலிங் கிளாஸ் போட்டுப் படமெடுத்து முகநூலில் வைத்தோம். அதை அரசியல் என்று கொண்டாடினோம். ஓர் ஆண் அழகாக நின்று கேமராவைப் பார்த்தால் அது சுயமரியாதை. ஒரு பெண் அதையே செய்தால் எதிரிக்குத் தீனியா? இதைத் தோழரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

இன்னொன்றும் கேட்டேன். பி.கே. ரோசியை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவர் பெயரில் திரைப்பட விழா நடக்கிறது. மலையாளத்தின் முதல் கதாநாயகி, புலையர் சமூகத்துப் பெண். 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததைத் திருவனந்தபுரத்து ஆதிக்கச் சாதியினரால் தாங்க முடியவில்லை. திரையில் கதாநாயகன் அவர் தலையில் இருந்த பூவை எடுத்து முத்தமிட்டதற்கே கலவரம் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஊரைவிட்டே துரத்தப்பட்டு, தமிழ்நாட்டுக்கு வந்து, நடிகை என்ற அடையாளத்தையே மறைத்து வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அவருடையது என்று நாம் பகிரும் மங்கலான ஒரே ஒரு படமும் உண்மையில் அவருடையதுதானா என்பதில் சர்ச்சை இருக்கிறது.

ஒரு பெண் தன்னை அழகாகக் காட்டிக்கொண்ட குற்றத்துக்காக அவளுடைய முகத்தையே உலகத்திலிருந்து அழித்துவிட்டார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அந்த முகத்தைத் தேடி அலைகிறோம். உயிரோடு இருக்கும் பெண்ணிடம் மட்டும் "படம் வேண்டாம்" என்கிறோம். பத்திரிகைகளில் நம் பெண்களின் படம் எப்போது வருகிறது? மகனின் பிணத்துக்கு முன்னால், எரிந்த வீட்டுக்கு முன்னால், பிணவறை வாசலில். நம் அழுகைக்கு ஏராளமான படங்கள் இருக்கின்றன. கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கும் ஒரு படமும் இருக்கட்டுமே என்கிறேன்.

புகைப்படக்காரர் சொன்னது

உள்ளூர் ஸ்டுடியோ ஒன்றில் முதலில் சாதாரணமாக நாலைந்து படம் எடுத்துப் பார்த்தேன், முழுச் சுடிதாரில்தான். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தில் இருந்தது யாரோ. "கொஞ்சம் பிரைட் பண்ணியிருக்கேங்க்கா, எல்லாப் பொண்ணுக்கும் பண்றதுதான்" என்றார் புகைப்படக்காரர். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கருப்பைப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கம்பெனியில் அம்மாவுக்கு ஜோடி சேர்க்கிற வேலை. இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் ஒரே ஷேடில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே பார்ப்பவர்களுக்கு எல்லாம் பிரவுன். அம்மா கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு பிரவுன் தெரியும். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். என் கையைப் பிடித்து ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது உன் ஷேடு இல்ல, ரிஜெக்ட்" என்றார். இந்த விவகாரத்தில் அம்மா என் பக்கம் நின்ற ஒரே தருணம் அது.

கேமராவுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. கலர் ஃபிலிம் காலத்தில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கருப்பர்களின் முகம் படத்தில் தெளிவில்லாமல் இருண்டு போவது பல ஆண்டுகளாக யாருக்கும் உறுத்தவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமில் மாற்றம் வந்தது. மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது. எங்கள் ஊரிலும் ஆட்டுத் தோலின் ஷேடு மாறினால் ஏற்றுமதி ஆர்டர் திரும்பி வந்துவிடும். மணப்பெண்ணின் ஷேடு மாறினால் "சூப்பர் க்ளிக்" என்பார்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் என் ஆயா. டேனரியில் தோல் சுமந்தவள். சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்கித் தூக்கி விரல் நுனியெல்லாம் வெந்து போயிருக்கும். அவள் வாழ்நாளில் ஆசைப்பட்டுப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. இருந்தது வாக்காளர் அட்டைப் படம் ஒன்றுதான். அவள் இறந்த அன்று அதைக் கொண்டுபோய்த்தான் பேனர் அடித்தோம். ஸ்டுடியோவில் நல்ல மனதோடு ஆயாவை வெள்ளையாக்கி, பின்னால் நீலத் திரை போட்டு, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவள் ஒருநாளும் போட்டிராத சங்கிலி. வீட்டுச் சுவரில் இன்றைக்கும் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. என் ஆயா எப்படி இருந்தாள் என்று என் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலின் ஏழு தொகுதிகளிலும் நம்மைப் போன்றவர்களின் படங்கள் இருக்கின்றன. மூக்கையும் மண்டையையும் அளந்து, சாதி மாதிரிகளாக நிற்க வைத்து எடுத்தவை. படத்துக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும், அந்த மனிதரின் பெயர் இருக்காது. நாம் படத்தில் இருந்திருக்கிறோம். நமக்கு வேண்டும் என்று நாம் எடுத்துக்கொண்ட படத்தில் இருந்ததில்லை.

அவர் சொன்னது

நான் மணக்கப் போகிறவர் நல்லவர். நான் முடிப்பதற்குள்ளேயே முகமெல்லாம் சிரிப்பு. "எனக்குத்தானே?" என்றார்.

இந்தக் கேள்வியில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம். அன்பாகக் கேட்டதுதான். சந்தையும் அதையேதான் சொல்கிறது: மாப்பிள்ளைக்குப் பரிசு. ஆனால் எனக்கு அண்ணல் நினைவுக்கு வந்தார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் உயிர் அகமண முறையில்தான் இருக்கிறது என்று காட்டினார். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தைத் திருமணம் மூன்றும் அந்த முறையைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழிகள் என்றார். சாதி என்ற வீட்டுக்குப் பெண்ணின் உடம்புதான் வாசற்கதவு. அப்பா காவல் இருப்பார், பிறகு சாவியைப் புருஷனிடம் கொடுப்பார். தாலி இல்லாமல், புரோகிதர் இல்லாமல் திருமணம் செய்துகொள்கிற நான், பட்டுத்துணியில் சுற்றிய ஆல்பமாக அந்தச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சுயமரியாதைத் திருமணத்தில் மிச்சம் என்ன?

'பூட்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர் தேடியபோது ஒரு சுவையான விஷயம் கிடைத்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, கோபித்துக்கொண்டு ஒதுங்குவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் அறை. தமிழில் நமக்கு 'ஊடல்' என்று அருமையான சொல் இருக்கிறது. ஆகவே இதை ஊடலறைப் படம் என்று சொல்லலாம். அந்த அறையின் முதல் விதியே, உள்ளே இருப்பவள் திறந்தால்தான் கதவு திறக்கும் என்பது. பரிசு ஆல்பமாக மாற்றியவர்கள் அந்த விதியைத்தான் முதலில் தூக்கி எறிந்தார்கள்.

"உங்களுக்கு இல்லை. எனக்கு. காட்டணும்னு தோணினா காட்டுவேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. இரண்டு நாள் கழித்து, "சரி, அந்தப் பீரோ சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவர் வீட்டில் பெண்களுக்குத் தனிப் பீரோவே கிடையாது. அவருக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும்.

வெளியே போனால்?

நான்கு பேரும் கேட்காமல் விட்டு, என்னை ராத்திரியில் எழுப்பிவிட்ட கேள்வி இது. படம் வெளியே போனால்?

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் இப்படி எந்தப் படமும் எடுத்துக்கொண்டவர் இல்லை. சாதாரண முகப் படத்தை எடுத்து வேறு உடம்போடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானது. படம் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு கல்லூரி அடையாள அட்டைப் படம் போதும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அதுகூடத் தேவைக்கு அதிகம்.

2020 அக்டோபரில் கேரளத்து இளம் தம்பதி ஒன்று வாகமண் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்து வெளியிட்டது. ஊரே திட்டித் தீர்த்தது. படத்தை நீக்க மாட்டோம் என்று இருவரும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மீது மரியாதை உண்டு. ஆனால் எனக்கு அந்த வசதி இல்லை என்பதும் தெரியும். என் படம் வெளியே போனால் அவமானம் எனக்கு மட்டும் வராது. "அந்தத் தெருப் பெண்கள்" என்று எங்கள் தெருவுக்கே வரும். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாவுக்கு வரும். இதைச் சொல்லாமல் வீரம் பேசினால் அது பொய்.

ஆகவே பயத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். படம் எடுக்கச் சம்மதித்ததாலேயே அதைப் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதை விளக்கமாகவே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறை. 2026இல் திருத்தப்பட்ட 2021 விதிகளின்படி, புகார் கொடுத்த 2 மணி நேரத்துக்குள் சமூக ஊடக நிறுவனங்கள் அத்தகைய படத்தை நீக்க வேண்டும். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இதைப் புகாராகத் தரலாம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளிகள் பரப்பப்பட்ட வழக்கில், அவற்றை 48 மணி நேரத்தில் நீக்கச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரே உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். சட்டம் கடைசிக் கதவு. முதல் கதவை நாம்தான் பூட்ட வேண்டும்.

என் ஏற்பாடு இது. குடியாத்தத்தில் ஒரு பெண் புகைப்படக்காரர் கிடைத்திருக்கிறார். ஸ்டுடியோ வேண்டாம், என் அறையிலேயே எடுக்கிறோம். புது மெமரி கார்டு நான் வாங்குகிறேன், முடிந்ததும் அது என் கைக்கு வரும். கேமராவில் வைஃபை அணைத்திருக்க வேண்டும். இருவரின் ஃபோனும் சமையலறையில். வண்ணத் திருத்தம் என் லேப்டாப்பில், இணையத்தைத் துண்டித்துவிட்டு, நான் பக்கத்தில் இருக்கும்போது. தோலின் நிறத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு படம்கூட அவர் விளம்பரத்துக்குப் போகக் கூடாது. பாதியில் நான் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும், கூலியைக் குறைக்க மாட்டேன். இத்தனையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அவர் முழுதும் படித்துவிட்டு, "என்கிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதிக் கேட்டதில்லீங்க" என்றார். கேளுங்கள் தோழர்களே. கல்யாண மண்டபத்துப் படத்துக்குக்கூடக் கேளுங்கள்.

என்ன உடுத்துவது என்றும் முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் இங்கே சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆம்பூர் நெடுஞ்சாலைக் கடையில், ஏற்றுமதியில் கழிந்த சரக்கில், முழங்கால்வரை வரும் பழுப்புத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, வலது கால் ஒரு ஷேடு தூக்கல், அதனால்தான் கழித்திருக்கிறார்கள் என்றார். அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்காரப் போகிறேன்.

அம்மாவுக்கு இன்னும் சம்மதம் இல்லை. படம் எடுக்கும் அன்று காலையில் வழக்கம்போல கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருக்கும் உரிமையும் எனக்கு இருக்கும் உரிமையும் ஒன்றுதான். ஆயா படத்தை மட்டும் சுவரிலிருந்து இறக்கி, சங்கிலியையும் வெள்ளையையும் எடுத்துவிட்டுப் பழையபடி செய்ய முடியுமா என்று குடியாத்தத்துக்காரரிடம் கேட்கச் சொன்னார். அந்த வாக்காளர் அட்டை வீட்டில் எங்கோ இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறோம்.